துருப்பிடித்த பட்டடையும் துருப்பிடித்த கையும்

எங்கள் அப்பாவின் பட்டடை முப்பத்தெட்டு வருஷம் கன்றுக்குட்டி கட்டுகிற முளையாக இருந்தது. சாணமும் கோமியமும் ஊறி, முகம் முழுக்கத் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. பக்கத்திலேயே கைச்சக்கர ப்ளோயர். அதன் வாய்க்குள் கோழி முட்டையிட்ட வைக்கோல். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த முதல் வாரமே இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டு, “ஒரே மாசத்துல புத்தம் புதுசாக்கிக் காட்டுறேன்” என்று வீட்டில் சவால் விட்டேன். அப்படிச் சொன்னதுதான் முதல் தப்பு. பழைய சாமானைப் புதிதாக்கப் போகிறவர் பாதி நேரம் அதைக் கெடுத்துத்தான் வைப்பார். வேலை செய்கிற அளவுக்குச் சரிசெய்தால் போதும். மிச்சம் இருக்கும் பொறுமையையும் காசையும் கைக்கும் தோளுக்கும் ஒதுக்குங்கள். அதிகமாகத் துருப்பிடித்திருப்பது அங்கேதான்.

சின்ன வயதில் துருத்தி ஊதியவர்கள், சம்மட்டி போட்டவர்கள், ஐ.டி.ஐ.யில் கொல்லுவேலை படித்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவர்கள் இப்போது பொழுதுபோக்காகத் திரும்பி வர நினைத்தால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்பார்கள். சிரங்குக்காவது மருந்து இருக்கிறது.

பட்டடையைத் தட்டிப் பார்ப்பது

வீட்டில் பட்டடை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இருந்தது பெரும்பாலும் கொம்பில்லாத சதுரக் கட்டை. கொம்பும் வாலும் உள்ள சீமைப் பட்டடை பழைய பணிமனைச் சாமான்களோடு எப்போதாவது கைக்கு வரும். அதன் விலாவில் ‘பீட்டர் ரைட்’ போன்ற பெயரும், கீழே புள்ளி வைத்துப் பிரித்த மூன்று எண்களும் தேய்ந்து தெரியலாம். அந்த எண்கள் எடையைச் சொல்பவை. முதல் எண்ணை 112 ஆலும் இரண்டாவதை 28 ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் பவுண்டில் எடை கிடைக்கும். 1, 2, 10 என்றிருந்தால் 112, 56, 10; ஆகமொத்தம் 178 பவுண்டு, சுமார் 81 கிலோ. கடைக்காரர் தராசில் போடுமுன் நீங்கள் எடையைச் சொல்லிவிட்டால் பேரம் கொஞ்சம் மரியாதையாக நடக்கும்.

எடையைவிட முக்கியமானது முகத்தின் எதிர்வீச்சு. லாரி பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டு போதும். 25 செ.மீ. உயரத்திலிருந்து பட்டடை முகத்தில் போடுங்கள். 18, 20 செ.மீ. எகிறினால் தயங்காமல் வாங்கலாம். பாதி உயரத்துக்கும் கீழே நின்றுவிட்டால் வார்ப்பிரும்பாக இருக்கும், அல்லது எப்போதோ தீயில் கிடந்து பதம் போனதாக இருக்கும். ஒரே இடத்தில் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் போடுங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘தொப்’பென்று அடங்கினால் அங்கே மேல்தகடு உள்ளுக்குள் விட்டிருக்கிறது என்று அர்த்தம். காதுக்கும் வேலை உண்டு. நல்ல சீமைப் பட்டடை கோயில் மணி மாதிரி கணீரென்னும். நம் சதுரக் கட்டை அவ்வளவு பாடாது. மண்ணில் பாதி புதைந்திருந்தால் சுத்தமாகப் பாடாது, அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

தண்டவாளத் துண்டும் நல்ல பட்டடைதான், நிறுத்தி வைத்து அடித்தால் இன்னும் நல்லது. ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்குங்கள். ‘எங்க மாமா கேங்மேனா இருந்தாரு’ என்பது ரசீது ஆகாது.

முகத்தைத் தொடாதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு இது. அப்பாவின் கட்டை போதாதென்று, கொம்புள்ள பட்டடை ஒன்றைக் கடையில் பிடித்தேன். முகத்தில் நடுவில் லேசான பள்ளம், ஓரங்கள் மழுங்கல், இரண்டு இடத்தில் உளி பட்ட வெட்டு. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஓர் என்ஜினீயரிங் பட்டறையில் கொடுத்து மட்டமாக இழைத்துத் தரச் சொன்னேன். கண்ணாடி மாதிரி வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம். சூடான இரும்பை வைத்து நாலு அடி போட்டதும் முகத்தில் சுத்தியல் தடம் விழ ஆரம்பித்தது.

காரணம் எளிது. பழைய சீமைப் பட்டடைகளில் பலவற்றின் உடம்பு மெத்தென்ற தேனிரும்பு. அதன் தலையில் அரை அங்குலத்தை ஒட்டிய கனத்தில் ஓர் எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டி, தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்கியிருப்பார்கள். நூறு வருஷம் அடிபட்டு மிஞ்சியிருக்கும் அந்தத் தகட்டைத்தான் நான் கூலி கொடுத்து உரித்தேன். வெல்டிங் வைத்து மேடாக்குகிறேன் என்று கிளம்புவதும் இதே கதைதான். கட்டை முழுவதையும் முன்கூட்டிச் சூடேற்றாமல், சரியான ராடு இல்லாமல் வைக்கிற வெல்டிங், பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தின் பதத்தையும் எடுத்துவிடும்.

பள்ளம் இருந்தால் இருக்கட்டும். வளைந்த கம்பியை நிமிர்த்த அந்தப் பள்ளம்தான் தோதான இடம்; மட்டமான முகத்தில் வைத்தால் கம்பி நிமிர்ந்த மாதிரி தெரிந்து திரும்பவும் வளையும். மழுங்கிய ஓரம் இரும்பின் தோளில் வெட்டு விழாமல் காப்பாற்றும். கூரான ஓரம் தேவைப்படும் வேலைக்கு எங்காவது ஓர் அங்குலம் கூர் மிச்சம் இருக்கும், தேடிப் பாருங்கள். பட்டடை முகத்துக்கு நான் இப்போது செய்வதெல்லாம் இவ்வளவுதான்: மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, துணியால் துடைப்பது. மிச்ச மெருகைச் சூடான இரும்பே ஏற்றிவிடும். பத்து நாள் அடித்தால் வெள்ளிக் காசு மாதிரி மின்னும்.

ஒரு சின்ன விஷயம். ஆயுத பூஜைக்குப் பட்டடைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஈரச் சந்தனம் முகத்தில் காய்ந்தால் மறுநாள் அதே இடத்தில் வட்டமாகத் துருப்பொட்டு நிற்கும். நான் பக்கவாட்டில் வைக்கிறேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கொறடு, உளி, வைஸ் திருகு மாதிரி சின்னச் சாமான்களுக்கு மின்சார முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானுக்கு நெகட்டிவ், எதிரே தொங்கவிடும் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உங்கள் கொறடுதான் கரையும். ஸ்டெயின்லெஸ் தகட்டை மட்டும் தொங்கவிடாதீர்கள்; அதிலிருந்து கரையும் குரோமியம் விஷம். குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். மறுநாள் எடுத்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து வந்துவிடும். கழுவி உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால், காப்பி குடித்து வருவதற்குள் புதுத் துரு பூத்துவிடும்.

காற்றும் கரியும்

தோல் துருத்தி கிடைத்தால் முதலில் மடிப்பை விரித்துப் பாருங்கள். தோல் விறைத்திருந்தால் விளக்கெண்ணெயை லேசாகச் சூடாக்கி நாலைந்து தடவை பூசி ஊறவிடலாம். மடித்த இடத்தில் நார் நாராக விட்டிருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது, தோலை மாற்றத்தான் வேண்டும். காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் தடுக்கிற நாக்குத் தோல் சரியாகப் படிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். அது கிழிந்திருந்தால் ஊதும் காற்று உலைக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

கைச்சக்கர ப்ளோயர் எளிது. நெட்டுகளைக் கழற்றி, பல்சக்கரப் பெட்டியில் கோந்தாக இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பிறகு கிரீஸ் வேண்டாம். கொஞ்சம் எண்ணெய், அடிச்சக்கரத்தின் பல் நனைகிற அளவு போதும். அதற்கு மேல் ஊற்றினால் அச்சு வழியாக வேட்டியில் ஒழுகும். கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் விசிறி கொஞ்ச நேரம் தானாக ஓட வேண்டும். எனக்கு மின்சார ப்ளோயர் பிடிப்பதில்லை. தவறென்று சொல்லவில்லை. ஆனால் இரும்பு அடித்துக்கொண்டிருக்கும்போது உலை சும்மா கொதித்துக்கொண்டிருக்கும், கரி வீணாகும், உள்ளே மறந்துபோன இரண்டாவது கம்பி எரிந்து நிற்கும். கையால் சுற்றுகிறவன் உலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

உலைக்குழியின் பழைய மண் பூச்சு விரிசல் விட்டிருந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புற்றுமண், மணல், பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பிசைந்து பூசுங்கள். ஒரு வாரம் நிழலில் காயட்டும். பிறகு சுள்ளி போட்டுச் சின்னத் தீ, மறுநாள் கொஞ்சம் பெரிய தீ. ஈரம் உள்ள மண்ணில் நேரே உலைத்தீ மூட்டினால் பூச்சு வெடித்து முகத்தில் தெறிக்கும். சிமென்ட் தரையில் உலை வைக்காதீர்கள் என்பதற்கும் இதே காரணம்தான்; சூடு பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கான்கிரீட் சில்லு பறக்கும்.

எங்கள் பக்கம், சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில், கரிக்குப் பஞ்சமில்லை. காடெல்லாம் சீமைக்கருவேலம்தான். கரி மூட்டையை வாங்கியதும் சலித்துத் தூளை ஒதுக்குங்கள், பெரிய கட்டியை எலுமிச்சை அளவுக்கு உடையுங்கள். ஈரக் கரி பொரி மாதிரி வெடிக்கும். எனக்கு இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்தாறு கிலோ ஆகிறது. கொட்டாங்கச்சிக் கரி இன்னும் சூடு. இரும்பைத் தீயின் நடுவயிற்றில் படுக்கை வாட்டில் வையுங்கள், மேலே ஒரு கைப்பிடிக் கரி மூடியிருக்கட்டும். காற்றுக்குழாய் வாய்க்கு நேரே குத்தி வைத்தால் சூடாவதற்கு முன்பே செதிலாக உரிந்துபோகும்.

நின்று அடிப்பது

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் அடிப்பார். பட்டடை தரையில் புதைந்திருக்கும், எதிரே நான் நின்று சம்மட்டி போடுவேன். அதே மாதிரி ஐம்பத்தெட்டு வயதில் உட்கார்ந்தேன். அடித்தேன். எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆகவே பட்டடையை உயர்த்துங்கள். கறிக்கடைக்கு வெட்டுக்கட்டை விற்கிற மர வாடியில் புளியங்கட்டை கிடைக்கும், அதைவிட நல்ல அடிக்கட்டை கிடையாது. கையை இயல்பாகத் தொங்கவிட்டு மடக்கினால் விரல்முட்டி பட்டடை முகத்தை உரச வேண்டும், அதுதான் உயரம். பட்டடையைச் சுற்றி ஒரு சங்கிலியை இறுக்கிக் கட்டிவிட்டால் கணீர் சத்தம் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் நமக்கும் நல்லது.

நினைவு ஏமாற்றும். ‘அந்தக் காலத்துல ரெண்டு கிலோ சுத்தியலையே சுழட்டுவேன்’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தத் தோள் இப்போது இல்லை. 800 கிராமில் ஆரம்பியுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் போக அவசரமில்லை. பழைய காம்பை நம்பாதீர்கள். செல்லரித்த காம்பு உடைந்தால் தலை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருவேலங்காம்பு புதிதாகப் போடுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும், சுத்தியல் எகிறும்போது கை தடுக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்து அடித்த முதல் மாதத்தில் என் முழங்கை நரம்பு வீங்கி, சோற்றுப் பானையைக்கூடத் தூக்க முடியவில்லை. முதல் இரண்டு வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு அடி குறி தவறினால் அன்றைக்கு உலையை மூடிவிடுங்கள்.

பருத்தித் துணி, செருப்பில்லாமல் முழுக்க மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும். சுத்தியல் பிடிக்கிற கையில் உறை போடாதீர்கள், பிடி நழுவும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், ஆணி எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். இரு பக்கமும் அடைத்த குழாயும் வேண்டவே வேண்டாம், அது குண்டு.

உலை நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கறுஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; கறுப்பாக இருக்கிறதே என்று எடுத்தால் கைத்தோல் போகும். விடிகாலை ஆறு முதல் எட்டு வரை எனக்குத் தோதான நேரம். பங்குனி, சித்திரையில் அதற்குமேல் நிற்பது வீரம் இல்லை.

முதல் இரும்பு

திரும்பி வருகிற எல்லோருக்கும் முதல் ஆசை அரிவாள். எங்கள் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்காது. தள்ளி வையுங்கள். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உரியதல்லாத, 9 அங்குலத்துக்கு மேற்பட்ட வெட்டுக் கருவி ஆயுதச் சட்டத்துக்குள் வரும் என்பது ஒரு காரணம். கோணலாகப் போன அரிவாளைப் பார்த்து மனம் விட்டுப்போகும் என்பது மற்றொன்று.

கடையில் 8 மி.மீ. சதுரக் கம்பி வாங்குங்கள். அரை மீட்டருக்குக் குறையாத துண்டாக இருந்தால் கொறடு வேண்டாம், மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம். இரும்பை ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சள் எட்டும்போது எடுங்கள். நுனியைப் பட்டடையின் தூர ஓரத்தில் வைத்து, ஓர் அடி, கால்வட்டம் திருப்பு, ஓர் அடி. சதுரமாகவே கூர்மையாக்க வேண்டும். உருட்டி உருட்டி அடித்தால் கூர் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே நடுநரம்பு பிளந்து, கடைசியில் நுனி துடைப்பக்குச்சி மாதிரி விரியும். சதுரக் கூர் நான்கு செ.மீ. வந்தபின் மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை, அதன் மூலைகளைத் தட்டி உருண்டை. கறுஞ்சிவப்புக்கு இறங்கினால் அடிக்காமல் திரும்ப உலையில் வையுங்கள். ஆறின இரும்பை அடிப்பவன் தன் முழங்கையைத்தான் அடிக்கிறான். நுனியை ஒரு சுருள் சுருட்டி, கொம்பில் அல்லது ஒரு பழைய பைப் மேல் வைத்து வளைத்தால் கொக்கி. காய்ச்சும்போது நுனியிலிருந்து பொறிப்பூ பறந்தால் இரும்பு எரிகிறது, அந்த நுனியை வெட்டிப் போடுங்கள். பத்துக் கொக்கி செய்யுங்கள். பத்தாவது முதலாவது மாதிரி இருக்காது; வீட்டில் வெங்காயக் கூடை தொங்கவிட முதலாவதைத்தான் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

கொக்கி கைவந்தபின் லாரிப் பட்டாவில் ஒரு களைக்கொத்தி. பட்டா எஃகில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆகவே தோய்ச்சல் ஏறும். கட்டடக் கம்பியில் அதில் பாதிகூட இருக்காது. எவ்வளவு தோய்த்தாலும் வாய் மடங்கத்தான் செய்யும். களைக்கொத்தியின் வாய் செர்ரிப்பழச் சிவப்புக்கு வந்ததும் கயிற்றில் கட்டிய காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டவில்லையென்றால் 770 டிகிரி தாண்டிவிட்டது. இன்னும் ஒரு நிழல் சூடேற்றி, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் எண்ணெயில் வாயை இறக்குங்கள். பட்டாவை நேரே தண்ணீரில் போட்டால் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அது விரிசல்.

அப்பா தண்ணீரிலேயே செய்வார், ஆனால் முழுக்க முக்க மாட்டார். வாயின் விளிம்பை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து, செங்கல் துண்டால் இரண்டு இழு இழுத்து வெள்ளையாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல விளிம்புக்கு நகரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அது 220, 230 டிகிரி. பிறகு பழுப்பு. 280ஐ ஒட்டிக் கத்தரிப்பூ, 300இல் நீலம். உளிக்கு மஞ்சள் முடிந்து பழுப்பு ஏறும்போது நிறுத்துவார், கல்லில் படும் களைக்கொத்திக்குக் கத்தரிப்பூ வரை விடுவார். நிறம் விளிம்பைத் தொட்ட நொடியில் முழுவதையும் தண்ணீரில் அமுக்குவார். அந்த நிறங்கள் ஓடுவதைப் பார்க்க எனக்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அதே ஆச்சரியம். இதைக் கற்றுக்கொள்ளும் வரை, எண்ணெயில் தோய்த்ததைத் துடைத்து மெருகேற்றி, உலைமேல் வைத்த கனமான இரும்புத் தகட்டில் முதுகுப்புறம் படும்படி வைத்து நிறம் பாருங்கள். அவசரமில்லாமல் பார்க்கலாம்.

ஊரில் சுத்தியல் சத்தம் கேட்டால் யாராவது வருவார்கள். எங்கள் தெருக்கோடித் தாத்தா மூன்றாம் வாரமே ஒரு கடப்பாரையோடு வந்து நின்றார். “ஏப்பா, ஒங்கப்பன் காய்ச்சிக் குடுத்தது. நுனி மழுங்கிப் போச்சு. பாத்துக் குடு.” தயங்காமல் வாங்குங்கள். ஆரம்பக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது; ஐந்தடி நீளம், கொறடே தேவையில்லை, மறுமுனை ஜில்லென்றிருக்கும். நுனியில் நான்கு விரற்கடை மட்டும் மஞ்சளுக்குக் காய்ச்சி, நாலு பட்டையாக இறக்குங்கள். ஊசியாக வேண்டாம், பாறையில் முதல் குத்திலேயே ஒடியும். கறுஞ்சிவப்பில் ஒருதடவை ஆறவிட்டுத் திரும்பக் காய்ச்சி, செர்ரிச் சிவப்பில் நுனி இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீரில் தொட்டு, உள்சூட்டில் நீலம் எட்டியதும் ஆற்றுங்கள். காசு வாங்காதீர்கள். தாத்தா அதை வாங்கி, பட்டறை வாசலிலேயே தரையில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் காலை மண்வெட்டி ஒன்று திண்ணையில் கிடந்தது.